பிரிக்காத ஐந்து பாக்கெட்டுகள்

பணத்தைச் சேமிப்பதா செலவழிப்பதா என்ற கேள்விக்கு ஆயிரம் புத்தகம் இருக்கிறது. ஆனால் சீல் பிரிக்காத நாணயப் பாக்கெட்டை என்ன செய்வது என்பதற்கு யாரும் புத்தகம் எழுதவில்லை. சிரிக்காதீர்கள், நிறைய வீடுகளில் இருக்கும் கேள்விதான் இது. பீரோவின் அடித்தட்டிலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ, பாலிதீன் உறையில் நூறு நூறாகக் கட்டிய பத்து ரூபாய் நாணயங்கள். பிரித்தால் ஒரு வாரத்தில் காலி. பிரிக்காவிட்டால் அது பணமா, பொருளா, நினைவா என்றே தெரியாது.

அப்படி ஐந்து பாக்கெட் வைத்திருந்தவர் சுண்ணாம்புக்குளத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா. ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப் பக்கம், ஆந்திர எல்லைக்கு அருகில். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரியில் சிப்பி வாரிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தப் பகுதியின் பழைய தொழில்களில் ஒன்று. இன்றைக்குச் சோறு போடுவது இறாலும் நண்டும் மடவையும்தான்.

அந்த அம்மாவின் கணக்கு எளிமையானது. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏறி, ஆரம்பாக்கம் பக்கமோ கும்மிடிப்பூண்டி பக்கமோ விற்றுவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்புவார். கையில் வருவதில் வீட்டுக்குப் போக, தினமும் பத்தோ இருபதோ தனியே ஒதுக்குவார். யாருக்கும் சொல்ல மாட்டார். இதற்குத் தமிழில் ஓர் அழகான சொல் இருக்கிறது: சிறுவாடு.

சரி, சிறுவாடு எப்படி நாணயப் பாக்கெட் ஆனது?

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு மேல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 500, 1000 ரூபாய் நோட்டுகள் அன்று நள்ளிரவு முதல் செல்லாது. கறுப்புப் பணம் எவ்வளவு பிடிபட்டது என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்கு நிச்சயமாகப் பிடிபட்டது நம்மூர்ப் பெண்களின் சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் இருந்த 500 ரூபாய்த் தாள்களை வெளியே எடுத்தே தீரவேண்டிய கட்டாயம். இந்த அம்மாவிடம் இருந்தது பதினான்கு தாள், 7,000 ரூபாய். பல வருடம் சேர்த்தது. வீட்டில் எல்லோர் முன்னாலும் எண்ண வேண்டியதாகிவிட்டது. "இன்னாம்மா, இம்மாம் துட்டு எங்கம்மா வெச்சிருந்த?" என்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகன் கேட்டான். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது!

பணத்தை அவர் பெயரில் இருந்த வங்கிக் கணக்கில் போட்டாயிற்று. அடுத்த வாரமே தேவை வந்தது. மீன் எடுக்கும் வியாபாரிகளிடம் ரொக்கம் இல்லை, "அப்புறம் தர்றேன்" என்பதே அந்த மாதத்தின் பணம். வங்கியில் போய் நின்றால் அங்கேயும் நோட்டு இல்லை. "பத்து ரூபா காயின் இருக்கு, வேணுமா?" என்றார் காசாளர். அந்த வாரங்களில் நாடு முழுவதும் இது நடந்தது. டெல்லியில் ஒருவருக்கு 20,000 ரூபாயும் பத்து ரூபாய் நாணயங்களாகவே கிடைத்து, பதினைந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன செய்தி பத்திரிகைகளில் வந்தது. இந்த அம்மாவுக்கு ஏழு பாக்கெட். ஒவ்வொன்றிலும் நூறு நாணயம், ஆயிரம் ரூபாய், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மீன் கூடையில் வைத்து, மேலே கோணியைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. டிசம்பர் 12, வர்தா. சென்னைக்கு அருகே கரையைக் கடந்த அந்தப் புயலில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, செல்போன் டவர் போனது. ஏடிஎம் இருந்தும் இல்லை. ஏற்கெனவே நோட்டுத் தட்டுப்பாடு, அதன்மேல் புயல். அந்த வாரம் இரண்டு பாக்கெட் பிரிக்கப்பட்டது. பால், மெழுகுவர்த்தி, அரிசி, வலை கட்ட நூல். 2,000 ரூபாய் நோட்டை நீட்டியவர்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார், சில்லறை இல்லை. பத்து ரூபாய் நாணயம் நீட்டியவருக்கு உடனே சாமான். மீதி ஐந்து பாக்கெட் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. யாரோ கிளப்பிவிட்டார்கள், பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று. ரூபாய்க் குறியீடு இருப்பதுதான் அசல் என்றார்கள் சிலர். மேலே பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்றார்கள் வேறு சிலர். (அந்த ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் ஒரு தமிழர், உதயகுமார். 2010-இல் அது ஏற்கப்பட்டது, 2011 முதல் நாணயங்களில் வந்தது. அதற்கு முன் அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்?) ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலேயே விளக்கம் சொன்னது. 2018 ஜனவரியில் மறுபடி சொன்னது: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியிட்டிருக்கிறோம், பதினான்கும் செல்லும் என்று. மாவட்ட ஆட்சியர்கள் அறிக்கை விட்டார்கள். ஆனாலும் சென்னையில் சர்வ சாதாரணமாகப் புழங்கிய நாணயத்தை வெளி மாவட்டங்களில் டீக்கடையில்கூட வாங்கவில்லை. சுண்ணாம்புக்குளம் மாதிரி இரண்டு மாநில எல்லையில் இருக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். ஒரு கடையில் செல்லும், அடுத்த கடையில் செல்லாது.

2022-இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆறு லட்ச ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக்கொண்டுபோய்க் கார் வாங்கிய செய்தி நினைவிருக்கிறதா? யாரும் வாங்காததால் குழந்தைகள் அந்த நாணயத்தை வைத்து விளையாடுவதைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தாராம்.

இந்த அம்மாவுக்கோ, ஊரே நாணயத்தை மறுத்தது பெரிய உதவியாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஐந்து பாக்கெட் இருப்பது கணவருக்குத் தெரியும். அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள். ஒயின் ஷாப்பில் வாங்க மாட்டார்கள். வட்டிக்காரரும் வாங்க மாட்டார். பெட்டிக்குப் பூட்டே தேவையில்லை, ஊரே பூட்டு! வெளியே வந்து அவமானப்பட்ட சிறுவாடு, யாரும் தொடாத சிறுவாடாக மறுபடி மாறியது. வருடங்கள் ஓடின. பாக்கெட் அப்படியே இருந்தது.

இப்போது கேள்வி எப்படி வந்தது என்றால், மகன் கல்லூரிக்குப் போய்விட்டான். செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, "ம்மா, அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காத. பழைய காயினுக்கு லட்சக்கணக்குல தர்றாங்களாம்" என்றான். அதே மாதத்தில் கணவர் புது வலைக்காக வாங்கிய பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் தடுமாறினார்கள். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோனால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, அந்த வருடம் முழுக்கப் பாடு திண்டாட்டம்தான். ஆக, ஒரு பக்கம் லட்சம் என்ற ஆசை, இன்னொரு பக்கம் மாதாமாதம் வரும் வட்டி. வைப்பதா, பிரிப்பதா?

முதலில் அந்த லட்சத்தைப் பார்ப்போம். 2012-இல் வைஷ்ணவி தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் வந்தன. அவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை என்று இணையத்தில் புரளி ஓயவே இல்லை. ஆசைப்பட்டுப் போனால் 'முன்பணம் கட்டு, கமிஷன் கட்டு, வரி கட்டு' என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு ஏமாற்றியதால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, எந்தக் கமிஷனும் கேட்பதில்லை என்று. அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய் (2009), தஞ்சைப் பெரிய கோவில் ஆயிரமாண்டு ஐந்து ரூபாய் (2010) எல்லாம் சேகரிப்பவர்களுக்குப் பிடித்தவைதான். ஆனால் பிடித்தது வேறு, லட்சம் வேறு.

இதே கூத்து அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. அங்கே ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர 1979-இல் ஒரு முறை, 2000-இல் ஒரு முறை, 2007-இல் ஒரு முறை முயன்றார்கள். மக்கள் டாலர்த் தாளை விடவில்லை. 25 நாணயம் கொண்ட சுருளாக வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்கள். 2007-இல் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் டாலரில், விளிம்பில் பொறிக்க வேண்டிய எழுத்துகள் கொஞ்சம் நாணயங்களில் தவறிப்போயின. அந்தப் பிழை நாணயம் முதலில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றது. உடனே சீல் பிரிக்காத ஒவ்வொரு சுருளும் லாட்டரிச் சீட்டாகிவிட்டது. பிரித்தால்தான் உள்ளே பிழை இருக்கிறதா தெரியும். பிரித்துவிட்டால் லாட்டரி முடிந்துவிடும்! பிறகு பிழை நாணயங்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன, விலை இறங்கியது. கடைசியில் யாருக்கும் வேண்டாத நாணயங்கள் நூறு கோடிக்கு மேல் கிடங்கில் குவிந்ததால், 2011 டிசம்பரில் புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்தினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் ஒருநாளும் அரிதாகாது. பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் அங்கேயே நாணயமும் அடித்தார்கள். அந்தச் செப்புக் காசுக்கு இன்று மதிப்பு இருக்கிறதென்றால், அன்றைய மக்கள் அதைச் செலவழித்தார்கள், உருக்கினார்கள், தொலைத்தார்கள், தப்பிப் பிழைத்தது கொஞ்சம் என்பதால்தான். பிரிக்காத பாக்கெட்டாக வீட்டுக்கு வீடு வைத்திருந்தால் யார் தேடப்போகிறார்கள்? சாதாரண வருடத்துப் பத்து ரூபாய் நாணயம் நூறு, ஒரே உறையில் இருந்தால் அதன் விலை ஆயிரம் ரூபாய். அவ்வளவுதான்.

வைத்திருப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது ஞாபகம் இருக்கும். பத்து ரூபாய்க்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் சத்தமில்லாமல் இன்னொன்று நடக்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வருடத்தில் 5,000 ரூபாயால் வாங்க முடிவது பழைய 3,200 ரூபாய்ச் சாமானைத்தான். அதே 5,000-ஐ 6 சதவீத வட்டியில் வைப்புநிதியில் போட்டிருந்தால் 8,400 ரூபாய் ஆகியிருக்கும். பாக்கெட்டில் எண்ணிக்கை குறையாது. நூறு நாணயம் நூறாகவே இருக்கும். குறைந்தது வேறு எங்கோ.

இதைவிடப் பெரிய ஓட்டை கடன் வட்டி. மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்குப் பத்தாயிரம் வாங்கினால் மாதம் 300 ரூபாய், வருடம் 3,600 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். ஒரே வீட்டில், ஒரு பெட்டியில் வட்டியே இல்லாமல் ஐயாயிரம் தூங்குகிறது. வாசலில் ஒருவர் நின்று அதே மாதிரி இன்னோர் ஐயாயிரத்துக்கு மாதம் 150 வாங்கிக்கொண்டு போகிறார். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட "பிரித்துக் கடனை அடை" என்று சொல்லிவிடும்.

பிறகு ஏன் அந்த அம்மா யோசித்தார்? கணக்குத் தெரியாததாலா? தினமும் ஏலத்தில் நின்று மீன் எடுப்பவருக்கா கணக்குத் தெரியாது!

விஷயம் வேறு. சீல் என்பது ஒரு மனத்தடை. பெரிய நோட்டை மாற்ற மனம் தயங்கும், அதே தொகை சில்லறையாக இருந்தால் சுலபமாகக் கரையும் என்று பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள். நம் பாட்டிகள் ஆய்வு இல்லாமலே இதைக் கண்டுபிடித்து உண்டியல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீல் போட்ட பாக்கெட் நூறு சில்லறையை ஒரே ஆயிரம் ரூபாய் நோட்டாக மாற்றிவிடுகிறது. ஒரு நாணயம் எடுக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் கிழிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, அது அவருடைய பணம். வீட்டில் வலை கணவருடையது. படகில் பங்கு கணவருக்கும் அவர் அண்ணனுக்கும். வீடு மாமனார் பெயரில். ஐந்து பாக்கெட் மட்டும்தான் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே பொருள். கடனை அடைத்தால் வட்டி மிச்சம், சரி. அந்த மிச்சம் யார் கைக்குப் போகும்? குடும்பச் செலவில் கலந்து காணாமல் போகும். அவருக்கு என்று மறுபடி பூஜ்யம். கணக்குப் புத்தகம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. "கடனை அடை" என்று சுலபமாகச் சொல்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

அவர் எடுத்த முடிவு இதுதான்.

நான்கு பாக்கெட்டைப் பிரிக்காமலே வங்கிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நேராக வட்டிக்காரரிடம் போக முடியாது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் கொடுத்துத் தீர்க்க முடியும். அதற்கு மேல் வாங்க மறுக்க எதிராளிக்கு உரிமை உண்டு. ஆனால் வங்கியில் போடுவதற்கு அப்படி உச்ச வரம்பு எதுவும் இல்லை. நூறு நூறாகப் பாலிதீன் உறையில் கொண்டுவந்தால் எண்ண வசதி என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் முதலில் "காயின்லாம் எடுக்க மாட்டோம், எண்ண ஆளில்ல" என்றார். மகன் சத்தம் போடவில்லை. "சார், மாட்டோம்னு எழுதிக் குடுத்துடுங்க, போயிடறோம்" என்றான். உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். நான்கும் கணக்கில் ஏறியது.

அந்த 4,000 கடனுக்குப் போனது. மாத வட்டி 300-இலிருந்து 180 ஆனது. இங்கேதான் அந்த அம்மாவின் சாமர்த்தியம். பணத்தைக் கொடுக்கும் முன்பே கணவரிடம் பேசிவிட்டார். "நாலாயிரம் என் துட்டு. இனிமே மாசம் நூத்தி இருபது ரூபா வட்டி மிச்சம் ஆவுது இல்ல, அது என்னுது. மாசாமாசம் என் கைல குடுத்துடணும்." கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, குடுக்கறேன்" என்றார். அந்த 120 ரூபாய் இப்போது மகளிர் குழுச் சேமிப்பில், அவர் பெயரில் ஏறுகிறது. முப்பத்து நான்கு மாதத்தில் நாலாயிரமும் திரும்ப வந்துவிடும். யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்த பணத்தை எல்லோருக்கும் தெரிந்த உரிமையாக மாற்றிக்கொண்டார். எந்த வட்டியையும்விட இது பெரிய லாபம்.

ஐந்தாவது பாக்கெட்? அது பிரிக்கப்படவில்லை, பிரிக்கப்போவதும் இல்லை, புயல் வரும்வரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டைக்கு முன்னால் எல்லோரும் போனை வைத்துக்கொண்டு முழித்தார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் ஆயிரம் ரூபாயைக் கைக்கெட்டும் தூரத்தில் சில்லறையாக வைத்திருப்பது மூடநம்பிக்கை இல்லை, அனுபவம். உப்புக் காற்றில் கறுக்காமல் இருக்க இன்னொரு பிளாஸ்டிக் கவர் போட்டு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் இருக்கும் பையிலேயே வைத்துவிட்டார். புயல் வந்தால் முதலில் தூக்கிக்கொண்டு ஓடும் பை அதுதான்.

மகனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். லட்சம் போச்சே என்று. "லட்சம் தர்றேன்னவன் கமிஷன் கேக்காம வரட்டும், இந்த ஒண்ணை அவனுக்கே குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார் அம்மா. இதுவரை யாரும் வரவில்லை. :-)

உங்கள் வீட்டிலும் இப்படிப் பிரிக்காத பாக்கெட் இருக்கலாம். முடிவெடுக்க மூன்று கேள்வி போதும். வாசலில் வட்டி நிற்கிறதா? கரண்ட் இல்லாத ஒரு வாரத்தை ஓட்டக் கையில் சில்லறை இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறோம்: அந்தப் பாக்கெட் வீட்டில் யாருடையது? வைப்பதா பிரிப்பதா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரிடம் கேட்டுவிட்டு உறையைக் கிழியுங்கள்.